ஒரு பெயரும் பழைய எட்டாவதும்

எங்கள் தோட்டத்தில் "சாமீ" என்று ஒரு குரல் எழுந்தால் நாலைந்து தலைகள் ஒன்றாகத் திரும்பும். வரப்பில் புல் அறுக்கிற ஆள் திரும்புவார், கடலைக்காட்டில் களை எடுக்கிற பெண்களில் ஒருத்தி "என்னையவாங்க?" என்பாள், வழியோடு போகிற வெற்றிலைக்காரர்கூட நின்று பார்ப்பார். எங்கள் பக்கத்தில் பல் போன பெரியவரும் சாமிதான், தொட்டிலில் கிடக்கிறதும் சாமிதான். ஆனாலும் அந்தக் குரல் யாரைக் கூப்பிடுகிறது என்பது கிணற்றுமேட்டில் மாட்டைப் பூட்டிக் கவலை ஓட்டி நீர் இறைத்துக்கொண்டிருப்பவருக்குத் தெரிந்துவிடும். மாட்டை நிறுத்தி, பிடித்த கயிற்றை விடாமல், "வாரனுங்கம்மா" என்பார். அவர் என் வீட்டுக்காரர். கூப்பிட்டவர் என் மாமியார். பெற்ற மகனை அந்த அம்மாள் ஏன் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, அதனால் என்ன ஆயிற்று என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. இத்தனை வயதாகியும் இதை நினைத்தால் கோபம் தணியவில்லை.

எங்கள் குடும்பங்களில் மூத்த பேரனுக்கு அப்பனைப் பெற்றவர் பெயரை வைப்பார்கள். வைக்கிறபோது எல்லாருக்கும் சந்தோஷம்தான். கஷ்டம் அந்தப் பிள்ளையைப் பெற்றவளுக்கு. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்று இருக்கையில், அதே பெயரை வைத்த மகனை அவள் எப்படிக் கூப்பிடுவாள்? சாமி என்பாள், கண்ணு என்பாள், பெரியவனே என்பாள். என் மாமியார் அதிலும் ஒரு படி மேலே. அந்தப் பெயரில் மலைக்கோயில் ஒன்றில் ஒரு தெய்வம் இருக்கிறது. அந்தச் சன்னிதியில் நின்றுகூட "மலைமேல இருக்கறவரே" என்றுதான் கையெடுத்துக் கும்பிடுவார். கூட வந்தவர்கள் சிரித்தால் அவர்களையும் ஒரு முறை முறைப்பார். நான் ஓமலூர்ப் பக்கம் பிறந்தவள், எங்களுக்கும் இந்த வழக்கம் உண்டு, ஆனால் இவ்வளவு கெடுபிடி இல்லை. காடு தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறவரை இதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் கிடையாது. சோளமும் கடலையும் ஆள் பெயர் கேட்டுக்கொண்டு விளைவதில்லை.

பள்ளிக்கூடம் கேட்குமே. என் வீட்டுக்காரரைப் பள்ளியில் சேர்ப்பதற்கு நல்ல நாள் பார்த்து வைத்திருந்தார்கள். அன்றைக்கென்று என் மாமனார் மாட்டுச் சந்தைக்குப் போய்த் திரும்பி வரவில்லை. நாள் தவறிவிடக் கூடாது என்று என் மாமியாரே மகனை இடுப்பில் தூக்கி, வெற்றிலை பாக்கும் ஒரு படி அரிசியும் எடுத்துக்கொண்டு, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நடந்திருக்கிறார். வாத்தியார் பையன் பெயரைக் கேட்டார். "சாமிங்க" என்றார் இவர். "சாமின்னா? சாமியப்பனா, சாமிக்கண்ணா?" என்று அவர் கேட்க, "நீங்க எப்பிடி எழுதுனாலும் செரிதானுங்க" என்று சொல்லிவிட்டார். வாத்தியார் சாமிக்கண்ணு என்று எழுதிக்கொண்டார். சந்தையிலிருந்து திரும்பிய மாமனார் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம். பள்ளிக்கூடத்துக்கு ஒரு பேர், ஊட்டுக்கு ஒரு பேர், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். மாற்றி எழுதச் சொல்லி ஒரு நடை நடந்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். அந்த மனிதருக்குச் சிரிக்கத்தான் நேரம் இருந்தது.

சாமிக்கண்ணுவாகவே அவர் எட்டாவது வரை படித்தார், வகுப்பில் முதலாவதாகத் தேறினார். தேறிய வருஷமே மாமனார் காலமாகிவிட்டார். ஒரே பிள்ளை, புத்தகத்தை வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடிக்க வேண்டியதாயிற்று. நிலம் அவர் பேருக்கு மாறியபோது பட்டாவில் வீட்டுப் பெயர், அதாவது தாத்தா பெயர் ஏறியது. நான் மருமகளாக வந்தபோது அவர் கவலை ஓட்ட ஆரம்பித்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மற்றவர்கள் மாட்டின் பின்னால் பாட்டுப் பாடிக்கொண்டு போவார்கள். இவர் பூகோளம் சொல்லிக்கொண்டு போவார். காவேரி எங்கே பிறக்கிறது, எந்தெந்த ஜில்லா வழியாகப் போகிறது என்று தண்ணீர் வற்றிக்கொண்டு வருகிற கிணற்றுக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று நான் கேலி செய்வேன். "மறந்து போயிருமுங்க அம்மிணி" என்பார். எனக்கு நாலாவது வரை படிப்பு. அதற்கே எங்கள் ஊரில் என்னிடம் கடிதம் படிக்கச் சொல்லி வருவார்கள். இவர் முதலாவதாகத் தேறிவிட்டு மாட்டுக்குப் பூகோளம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருக்கு வாத்தியாராக வேண்டும். வேறு ஆசை எதையும் அவர் வாயால் நான் கேட்டதில்லை. சேலத்தில் ஒரு டிரெயினிங் ஸ்கூல் இருந்தது. எட்டாவது தேறினவர்களைச் சேர்த்து இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்து அனுப்புவார்கள், போர்டு பள்ளிக்கூடங்களில் வேலை கிடைக்கும். முப்பது வயது முடிந்தால் சேர்க்க மாட்டார்கள். அவருக்கு இருபத்தெட்டு முடிந்திருந்த சமயத்தில் என் தம்பி ஒரு பொங்கலுக்கு வந்தவன், "மாமா போயிட்டு வரட்டும் அக்கா, ரெண்டு வருஷம் நான் இருந்து பண்ணையம் பாக்கறேன்" என்றான். அன்று இரவு அவர் சாப்பிடாமல் வாசலில் நடந்துகொண்டே இருந்தார். என் மாமியாருக்கு மகனைவிட அதிக சந்தோஷம். மகன் வாத்தியாராகி வேட்டியும் மேல்சட்டையுமாக வருவதை அப்போதே பார்த்துவிட்டவர் மாதிரி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். இதை நான் மறக்காமல் எழுத வேண்டும். அந்த அம்மாளுக்கு மகன் படிக்கக் கூடாது என்ற எண்ணம் ஒரு நாளும் இருந்ததில்லை.

சேலத்துக்குப் போனவர் மறுநாள் திரும்பி வந்தார். முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அங்கே இருந்த தலைமையாசிரியர் சர்டிபிகேட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "ரொம்பப் பழைய எட்டாவதா இருக்கே, பரவாயில்லை, செல்லும்" என்றிருக்கிறார். பிறகு இருப்பிடத்துக்கு அத்தாட்சியாகக் கொண்டுபோன பட்டாவைப் பார்த்தார். "இது யாரு சாமிக்கண்ணு?" "நாந்தானுங்க." "அப்போ இது யாரு?" "அதுவும் நாந்தானுங்க." அடுத்தவன் சர்டிபிகேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து சேருகிறவர்கள் உண்டாம். அதனால் அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று தாசில்தாரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார். தாசில்தார் கச்சேரியில் கேட்டால், உங்களைப் பள்ளியில் சேர்த்தது யார், அவர்களைக் கூட்டி வாருங்கள் என்றார்கள். சேர்த்துக்கொண்ட வாத்தியார் போய்ச் சேர்ந்துவிட்டார். கூடப் படித்தவர்கள் நாலு பேர் சாட்சிக்கு வரத் தயாராக இருந்தார்கள். பெற்றவள் உயிரோடு இருக்கும்போது ஊரார் சாட்சி எதற்கு, தாயார் வந்து வாக்குமூலம் கொடுக்கட்டும் என்று குமாஸ்தா சொல்லிவிட்டார். பெற்றவள் செத்துப் போயிருந்தால் காரியம் சுலபமாக முடிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. நினைத்ததை எழுதிவிடுகிறேன், எனக்கு அப்போது அவ்வளவு ஆத்திரம்.

"நான் வாரேன் சாமி, எங்க வரச் சொன்னாலும் வாரேன்" என்றார் என் மாமியார். வந்து அந்தப் பெயரை வாயால் சொல்ல வேண்டியிருக்கும் என்று மெதுவாகச் சொன்னதும் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன், சோறு எடுத்துப் போடாமலும் இருந்து பார்த்தேன். அவருடைய மாமனார்தான் செத்துப் போய்விட்டாரே, இன்னும் யாருக்கு மரியாதை என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "மரியாதை மட்டுமுன்னா நான் சொல்லிப்போடுவேன் அம்மிணி. கட்டுன புதுசுல என்ற நாத்தனா கேலிக்கு என்னையச் சொல்ல வெச்சா. அந்த வாரமே என்ற மாமனாரு படுத்தாரு, எந்திரிக்கவே இல்லை. இப்ப அந்தப் பேரோட இருக்கறது ஒருத்தன்தான். அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ எனக்குப் பதில் சொல்லுவியா?" என்று கேட்டார்.  ஒரு கிழவரின் காய்ச்சலுக்கும் ஒரு சின்னப் பெண்ணின் விளையாட்டுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்கு இப்போது நன்றாகச் சொல்ல வரும். அப்போது வயிற்றில் என் மூத்தவன் இருந்தான். வாயை மூடிக்கொண்டேன்.

ஒருவழியாக என் மாமியார் கச்சேரிக்கு வர ஒப்புக்கொண்டார். போனால் ஏதாவது வழி பிறக்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை, எங்களுக்கும்தான். வண்டி கட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்தோம். தாசில்தார் கிழக்கேயிருந்து மாற்றலாகி வந்தவர், தலைப்பாகையும் மூடின கோட்டுமாக இருந்தார். நல்ல மனிதர்தான். என் மாமியாரைப் பார்த்ததும் ஒரு ஸ்டூல் போடச் சொன்னார், அவர் உட்காரவில்லை. "உங்க மகன் பேர் என்னம்மா?" என்று கேட்டார். "சாமிங்க, சாமி" என்றார். எங்கள் பக்கத்துப் பேச்சு தாசில்தாருக்குப் பாதி புரியவில்லை. "அது கூப்பிடுறதும்மா. பேரு?" "என்ற மாமனாரு பேருங்க." "மாமனார் பேர் என்ன?" "பட்டாவுல இருக்குதுங்களே சாமி." குமாஸ்தாக்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையைக் குனிந்தார்கள். தாசில்தார் பட்டாவை எடுத்துத் தாமே படித்துக் காட்டி, இதுதானா என்று கேட்டிருக்கலாம். நான் மனசுக்குள் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன். அவர் செய்யவில்லை. தலையாட்டினால் எழுத முடியாது, சொல்லிக் கொடுத்த சாட்சி என்று பின்னால் வரும், வாயால் சொன்னால்தான் எழுதுவேன் என்று பொறுமையாக விளக்கினார். வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார். குடித்துவிட்டு வந்து மறுபடியும் நின்றோம். என் மாமியாருக்கு முகமெல்லாம் வேர்த்துக் கொட்டுகிறது, உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. அவர் மகன் சுவரில் மாட்டியிருந்த ஜில்லாப் படத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நான் சொன்னேன். கட்டின புருஷன் பெயரை அவ்வளவு ஆம்பிளைகள் நடுவில், கச்சேரி முழுக்கக் கேட்கிற மாதிரி, பளிச்சென்று சொல்லிவிட்டேன்.  என் மாமியார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். டவாலி போட்ட சேவகன்கூடத் திரும்பிப் பார்த்தான். தாசில்தார் என்னைப் பார்த்து, "நீங்க யாரும்மா?" என்றார். சம்சாரம் என்று சொன்னேன். "இவரைப் பள்ளியிலே சேர்த்தப்போ நீங்க இருந்தீங்களா?" எப்படி இருப்பேன்? நான் அப்போது பிறந்திருந்தால் அதிகம். "அப்படின்னா நீங்க சொல்றது எடுபடாதும்மா" என்றார், வருத்தமாகத்தான் சொன்னார். மானத்தை விட்டுச் சொன்ன சொல் ஒரு காசுக்குப் பெறவில்லை. திரும்பி வருகிற வழியில் வண்டியில் மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டு வந்தோம்.

அந்த வருஷச் சேர்க்கை அதோடு போயிற்று. வீட்டுக்கு வந்து மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு அவர் என்னிடம் சொன்னார்: "நான் மறுபடியும் எட்டாவது எழுதிப்போடறேன். சொந்தப் பேருல எழுதுனா யாருங்கற கேள்வியே வராதல்லங்." எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பெற்ற தாயிடமிருந்து ஒரு வார்த்தையை வாங்குவதைவிட ஒரு வருஷப் படிப்பை மறுபடியும் படிப்பது சுலபம் என்று ஒரு மனுஷன் முடிவு செய்கிறார் என்றால் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருந்த ஹெட்மாஸ்டர் இவருக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவர். இரக்கப்பட்டு, கடைசி பெஞ்சுக்குப் பின்னால் ஒரு முக்காலி போட்டு உட்காரச் சொல்லிவிட்டார். முதல் நாள் இவர் உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாம் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார் என்று எழுந்து நின்று கும்பிட்டிருக்கிறார்கள். அதை வந்து சொல்லிச் சிரித்தார். அடுத்தடுத்த நாட்களில் சிரிப்புக் குறைந்தது. விடியற்காலையில் எழுந்து இறைத்துவிட்டு, கம்பஞ்சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டு ஓடுவார். சாயங்காலம் வந்து மறுபடியும் மாட்டைப் பூட்டுவார். அவர் படித்த காலத்துப் பாடம் ஒன்றும் இப்போது இல்லை. சுகாதாரம் என்று ஒரு புத்தகம். கணக்கெல்லாம் வேறு தினுசு. பூகோளம்தான் அவருக்குப் பெரிய அடி. அவர் படித்தபோது நம்முடைய ஜில்லா, நம்முடைய ராஜதானி, அதோடு சரி. இப்போது உலகம் முழுக்கத் தெரிய வேண்டும், படத்தைப் பார்க்காமல் கையால் வரைந்து ஊர் குறிக்க வேண்டும். கயிறு இழுத்துக் காய்த்துப்போன கை அது. பென்சிலை அழுத்திப் பிடித்துக் காகிதத்தைக் கிழித்துவிடுவார். ஆப்பிரிக்காவைத் திரும்பத் திரும்ப வரைந்து பார்ப்பார், ஒவ்வொரு தடவையும் அது வேறு ஏதோ மாதிரி வரும். "முதலாவதாத் தேறுனவனுங்க நானு" என்று ஒரு நாள் தன்னையே சொல்லிக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்து முறத்தில் கடலை புடைத்துக்கொண்டிருந்த என் மாமியார் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

பரீட்சையில் மற்றதெல்லாம் தேறிவிட்டது. பூகோளத்தில் போய்விட்டது. ஒரு பாடம் போனாலும் எல்லாம் போனதுதான். பக்கத்துத் தோட்டத்துப் பையன், இவரிடம் கணக்குக் கேட்டுக்கொண்டு போகிறவன், தேறிவிட்டான். அவன் வீட்டில் சுட்டுக் கொடுத்தனுப்பிய கச்சாயப் பலகாரத்தை இவர் வாங்கித் தின்றுவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிணற்றுக்குப் போனார். 

அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில் பால் கறக்கச் செம்பை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் போனேன். உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தால், என் மாமியார் எருமையின் முதுகில் கையை வைத்துக்கொண்டு அதன் காதோரமாக நின்று அந்தப் பெயரின் முதல் எழுத்தைச் சொல்லுகிறார், நிறுத்துகிறார், கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். மறுபடியும் சொல்லுகிறார். இந்தத் தடவை பாதி வரைக்கும் வந்தது. உடனே கண்ணை மூடிக்கொண்டு, "எனக்கு என்ன வேணும்னாலும் ஆகட்டும், அவனுக்கு ஒண்ணும் ஆகப்படாது" என்று மலை இருக்கும் திசையைப் பார்த்துச் சொன்னார். அதுவரை நான் அந்த அம்மாள்மேல் வைத்திருந்த கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் செம்பை அங்கேயே வைத்துவிட்டு ஓசைப்படாமல் திரும்பி வந்துவிட்டேன். கொஞ்ச நாள் கழித்து அவராகவே மகனிடம், "கச்சேரிக்கு வண்டி கட்டு சாமி, நான் சொல்லிப்போடறேன்" என்றார்.

போகும் வழியில் மலைக்கோயிலுக்கு வண்டியைத் திருப்பச் சொன்னார். முந்தின நாளிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கச்சேரி வாசலில் மகனைப் பார்த்து, நீ உள்ளே வராதே, கேட்கவும் கேட்காதே, அந்தப் புளியமரத்துக்கு அப்பால் போய் நில் என்றார். அவரும் போய் நின்றார். உள்ளே அதே தாசில்தார், எங்களை அடையாளம் கண்டுகொண்டார். கேள்வியை அவர் கேட்டு முடிப்பதற்குள் என் மாமியார் கிழக்கே திரும்பி நின்று, கண்ணை மூடிக்கொண்டு, சொன்னார். மெல்லிய குரல்தான், ஆனால் முழுசாக வந்தது. பள்ளியில் சாமிக்கண்ணு என்று எழுதினதும் இவனைத்தான் என்று அதையும் சேர்த்துச் சொன்னார். குமாஸ்தா, காதில் விழவில்லை, இன்னொரு தரம் சொல்லச் சொல்லுங்கள் என்றான். தாசில்தார் அவனைப் பார்த்து, "எனக்கு விழுந்தது, எழுது" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும். வெளியே வந்ததும் என் மாமியார் ஓட்டமும் நடையுமாகப் புளியமரத்துக்குப் போய், மகன் தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்த்தார்.

என் வீட்டுக்காரர் மறுநாளே சேலத்துக்குப் போனார். திரும்பி வந்தவர் வீட்டுக்கு வராமல் நேரே கிணற்றுமேட்டுக்குப் போயிருக்கிறார் என்று தெரிந்து நான் சோற்றை எடுத்துக்கொண்டு போனேன். தலைமையாசிரியர் தாசில்தார் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றாராம். ஆனால் பழைய எட்டாவது இனி செல்லாது, சர்க்கார் நடத்துகிற புதுப் பரீட்சை, இவர் பூகோளத்தில் தவறின அதே பரீட்சை, தேறினவர்களைத்தான் இந்த வருஷத்திலிருந்து சேர்க்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது என்றாராம். போன வருஷமே இதைக் கையோடு கொண்டு வந்திருந்தால் அப்போதே சேர்த்திருப்பேனே என்றும் சொன்னாராம். அதை வேறு எதற்குச் சொல்ல வேண்டும்? மறுபடியும் பரீட்சைக்குப் படித்து எழுதினால் முடிவு வருவதற்குள் முப்பது முடிந்துவிடும். ஒரு மனுஷன் எத்தனை தரம்தான் எட்டாவது படிப்பான்? நான் வாய்விட்டு அழுதேன். அவர் அழவில்லை. கை கழுவிக்கொண்டு வந்து சோற்றைப் பிசைந்தபடி, "அம்மாகிட்ட இதைச் சொல்லப்படாது. பேரையும் சொல்லி, காரியமும் ஆகலீன்னு தெரிஞ்சா அவங்க தாங்க மாட்டாங்க" என்றார். என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்த நேரத்தில் அவர் எதைக் கேட்டிருந்தாலும் நான் கொடுத்திருப்பேன், அதனால் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார்: "எடம் குடுத்துட்டாங்கம்மா. நாந்தான் வேண்டாம்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன். தோட்டத்தை உட்டுப்போட்டு ரெண்டு வருசம் அங்க போயி இருக்க மனசு வரலீங்."  "நான் சொன்னது போதாதுன்னு சொன்னாங்களா?" என்று என் மாமியார் கேட்டார். "இல்லீங்கம்மா, நீங்க சொன்னதாலதான் எடமே குடுத்தாங்க" என்றார் இவர். அதுவரை என் மாமியார் மகனை ஒரு கடுஞ்சொல் சொல்லி நான் கேட்டதில்லை. அன்று சொன்னார். சோம்பேறி என்றார், உடம்பு வணங்காத முண்டம் என்றார், மாட்டுச் சாணிதான் உனக்கு மணக்கிறது என்றார். இவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே நின்றார். பண்ணையம் பார்க்கவென்று வந்திருந்த என் தம்பி மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓமலூருக்குப் போனான்.

அன்றைக்கு ஆரம்பித்தது அந்த அம்மாள் சாகிறவரை ஓயவில்லை. யார் வீட்டுப் பையன் வாத்தியாரானாலும், யார் வேலைக்குப் போனாலும், வந்தவர்கள் முன்னால், போனவர்கள் முன்னால், "என்ற மகனுக்குக் கூப்பிட்டுக் குடுத்தாங்க, போக மாட்டீன்னுட்டான்" என்று ஆரம்பித்துவிடுவார். ஊரும் அதையே நம்பியது. பக்கத்துத் தோட்டத்துப் பையன், இவரிடம் கணக்குக் கற்றவன், அதே டிரெயினிங் ஸ்கூலில் படித்துவிட்டு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே வாத்தியாராக வந்தான். என் மூத்தவனை அவனிடம் சேர்க்கப் போனபோது அவன் இவரைப் பார்த்து, அண்ணா நீங்க அப்பவே வந்திருக்கலாமுங்க என்றான். எனக்கு வாய் வரைக்கும் வந்தது. இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கச்சேரி முழுக்கக் கேட்கப் புருஷன் பெயரைக் கூவினவள் நான். அவ்வளவு வாயுள்ளவள் ஒரு சின்ன உண்மையைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு இருக்க வேண்டியதாயிற்று. ராத்திரி படுத்தபிறகு சண்டை போடுவேன், இன்னும் எத்தனை நாளைக்கு இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று. "திட்டறாங்கன்னா தைரியமா இருக்கறாங்கன்னு அர்த்தம், உடு" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார். இவ்வளவு நல்லவராக இருந்து யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை.

இப்போது அவரும் இல்லை. நல்ல வயதுவரை இருந்துதான் போனார், ஒரு தலைவலி என்றுகூடப் படுத்ததில்லை. என் பேரன் பெண்டாட்டி அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள், குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்பதற்குக்கூட நாலு தரம் கூப்பிடுகிறாள். வெகு சந்தோஷம். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் கச்சேரியில் கிழக்கே திரும்பி நின்ற முகம்தான் ஞாபகம் வருகிறது. எவ்வளவு சுலபமான காரியம் எங்கள் வீட்டில் எவ்வளவு பெரிய விலைக்குப் போயிற்று, அந்த விலையைக் கொடுத்தும் சரக்கு கைக்கு வரவில்லையே என்று வயிறு எரிகிறது.

என் மாமியார் கடைசியாகப் படுத்திருந்தபோது நான்தான் பக்கத்தில் இருந்தேன். பேச்சு நிற்பதற்கு முந்தின நாள், மகன் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார். "நீயும் பாத்துட்டுத்தான இருந்தே அம்மிணி. நான் சொன்னேன். என்ற வாயால முழுசாச் சொன்னேன். அவன்தான் போகலை" என்றார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார்.

"ஆமாங்கத்தை, அவருதான் போகலீங்க" என்றேன்.